மானிப்பாயின் இருமொழி வகுப்பு: கிறீனின் மருத்துவப் பள்ளியும் தாதியர் பட்டக்கல்வியும்

அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனைப் பற்றித் தமிழில் எழுத முனையும் எவரும் கவிஞர் அம்பியைத் தாண்டிச் செல்ல முடியாது. 1967இல் 'கிறீனின் அடிச்சுவடு', 1995இல் 'மருத்துவத் தமிழ் முன்னோடி', 1998இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் என முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே மனிதரைத் தேடியவர் அவர். யாழ்ப்பாணத்தில் தொடங்கிய தேடலைப் புலம்பெயர்ந்து சிட்னிக்கு வந்த பின்னரும் அவர் விடவில்லை. அவுஸ்திரேலியாவில் வாழும் தமிழரில் கிறீனின் பெயரை அறிந்தவர்கள் பெரும்பாலும் அம்பியின் வழியாகவே அறிந்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்குரிய மரியாதையைச் செலுத்திவிட்டே அவருடைய பார்வையோடு இக்கட்டுரை முரண்படுகிறது.

முரண்பாடு நூல்களின் தலைப்பிலேயே தொடங்குகிறது. தமிழ் நூல் கிறீனை மருத்துவத் தமிழின் முன்னோடி என்கிறது. ஆங்கில நூல் அறிவியல் தமிழின் முன்னோடி என்கிறது. இரண்டிலும் கிறீன் முதலில் தமிழுக்குத் தொண்டு செய்தவர், பிறகுதான் ஆசிரியர். அம்பிக்குப் பின் வந்த கட்டுரைகளும் மலர்களும் மேடைப் பேச்சுகளும் இதையே பிடித்துக்கொண்டன. ஓர் அமெரிக்கர் கடல் கடந்து வந்தார், தமிழ் கற்றார், ஆங்கிலத்தைத் தள்ளிவைத்துத் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார், கலைச்சொல் படைத்தார், அவர் போனதும் எல்லாம் போயிற்று. கதை இப்படியே சொல்லப்படுகிறது. இந்தக் கதையில் மானிப்பாய்ப் பள்ளி தமிழ் மட்டுமே ஒலித்த பள்ளி. அதன் வெற்றிக்குச் சொல்லாக்கமும் வீழ்ச்சிக்குத் தமிழ்ப்பற்றின்மையும் காரணமாகிவிடுகின்றன.

கிடைக்கும் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் கதை வேறாகத் தெரிகிறது. மானிப்பாயில் நடந்தது இருமொழித் தொழிற்கல்வி. ஆங்கிலமும் தமிழும் ஒன்றையொன்று தாங்கி நின்ற கல்வி அது. பின்னாளில் அந்தக் கல்வி மறைந்ததற்குச் சொல் பஞ்சம் காரணமன்று. சான்றிதழும் நோயாளிக் கட்டிலும் அந்த மொழியை விட்டு விலகியதே காரணம். இன்று யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் மெல்பேர்ணிலும் தாதியர் பட்டப்படிப்பில் தமிழுக்கு இடம் கேட்பவர்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்த வேறுபாடு நேரடியாகப் பதில் சொல்கிறது.

அமெரிக்க மிஷன் வரலாறு வாசகருக்குத் தெரிந்ததே. கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து வட்டுக்கோட்டையில் தங்கி, பின்னர் மானிப்பாய்க்கு மாறினார். பள்ளியின் தொடக்கத்தைச் சிலர் 1847 என்றும் சிலர் 1848 என்றும் எழுதுகிறார்கள். மருந்தகம் தொடங்கியதையும் மாணவரைச் சேர்த்ததையும் ஒன்றாகக் கொள்வதால் வரும் வேறுபாடு இது. 1848ஐக் கொள்வதே பாதுகாப்பானது. 1857இல் விடுப்பில் நாடு திரும்பியவர் 1862இல் மார்கரெட்டை மணந்துகொண்டு மீண்டும் வந்தார். 1873இல் இறுதியாக விடைபெற்றார்.

முதல் காலப்பகுதியில் கற்பித்தது ஆங்கிலத்தில். தமிழில் கற்பிக்கும் எண்ணம் 1850களின் நடுவிலேயே அவருக்கு வந்துவிட்டது. தமிழ் வகுப்பு நிலைபெற்றது பொதுவாக 1864 என்று குறிக்கப்படுகிறது. ஒரு நாள் குறித்து மணியடித்து மாற்றியதாக இதை நினைக்கத் தேவையில்லை. ஏழெட்டு ஆண்டுகள் இழுத்த மாற்றம் அது. இடையில் அவர் ஊரிலேயே இல்லாத ஐந்து ஆண்டுகளும் அடங்கும்.

இங்கேதான் ஓர் ஆண்டு கண்ணில் படுகிறது: 1857. கல்வின் கட்டரின் உடற்கூற்று, உடற்றொழில், சுகாதார நூல் தமிழில் வந்தது அந்த ஆண்டில். மோன்செலின் பிரசவ மருத்துவ நூலும் அதே ஆண்டில் வந்தது. அதாவது, வகுப்பு ஆங்கிலத்தில் நடந்துகொண்டிருந்தபோதே தமிழ் நூல் அச்சேறியிருக்கிறது. தமிழ் வகுப்பு தொடங்கியதால் தமிழ் நூல் பிறந்தது என்ற வரிசை இங்கே தலைகீழாகிறது. ஆங்கிலத்தில் பாடம் கேட்ட மாணவர்களின் கையில், அல்லது அவர்கள் சிகிச்சை செய்த ஊர்களில், தமிழ் நூல் இருந்தது. கிறீனின் பணியைத் தமிழ்வழிக் கல்வி என்று மட்டும் வாசிப்பவர்கள் இந்த ஏழாண்டு இடைவெளியை விளக்கியாக வேண்டும். அம்பியின் வழிவந்த கட்டுரைகள் 1857ஐப் பெருமையோடு குறிப்பிடுகின்றன. அந்த ஆண்டில் வகுப்பறை எந்த மொழியில் இருந்தது என்று கேட்காமலே கடந்து போகின்றன.

பிந்திய நூல்களும் இதையே சொல்கின்றன. 1867இல் ட்ரூயிற்றின் அறுவை மருத்துவம் 'இரண வைத்தியம்' ஆயிற்று. 1872இல் கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் மானிப்பாயில் ஸ்ட்ரோங் அன்ட் அஸ்பரி அச்சகத்தில் அச்சாயிற்று. லண்டனில் மூலநூல் வெளிவந்து பதினான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆண்டில் ஹூப்பரின் நூல் 'வைத்தியாகரம்' என வந்தது. இவற்றைத் தனியொருவராகக் கிறீன் மொழிபெயர்க்கவில்லை. சாப்மன், டான்போர்த், போல் போன்ற மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள். மிஷன் வழக்கப்படி அமெரிக்கப் பெயர் சூட்டப்பட்ட யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் இவர்கள். கிறீன் திருத்தினார், ஒப்பிட்டார், பதிப்பித்தார். ஆங்கில வகுப்பில் பயின்ற தலைமுறை இல்லாமல் தமிழ் வகுப்பின் பாடநூல் இல்லை. அறுபதுக்கும் மேற்பட்டோரை உருவாக்கிய பள்ளியில் ஒரு பாதி மறுபாதிக்கு நூல் எழுதிக் கொடுத்தது. இதற்கு இருமொழிக் கல்வி என்பதைத் தவிர வேறு பெயர் பொருந்தவில்லை.

1875இல் வெளியான அருஞ்சொற்றொகுதியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் எதிரெதிரே நிற்கும் தொகுதி அது. தமிழ் மட்டுமே படிக்கும் மாணவனுக்கு அப்படியொரு நூல் தேவையே இல்லை. ஆங்கிலம் மட்டுமே படிப்பவனுக்கும் தேவையில்லை. காலையில் ஆங்கில நூலையும் மாலையில் தமிழ் நோயாளியையும் பார்க்கும் ஒருவனுக்காகவே அது தொகுக்கப்பட்டது.

ஒரு முகப்புப் பக்கத்தை மட்டும் சற்று நின்று பார்க்கலாம். வெல்சின் வேதியியல் நூல் 'கெமிஸ்தம்' என்ற பெயரில் 1875இல் வந்தது. அச்சிட்ட இடம் மானிப்பாய் அன்று, நாகர்கோயில். லண்டன் மிஷன் அச்சகம். கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் மசாசூசெட்சில் வூஸ்டர் நகரத்துக் குடும்ப வீட்டிலிருந்து கையெழுத்துப்படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். மூன்று கரைகள், ஒரு நூல். நாகர்கோயிலை ஏன் தேர்ந்தார்கள்? அச்சு வசதி என்பது எளிய விடை. அது மட்டுமே விடையாக இருக்க முடியாது என்று இக்கட்டுரை கருதுகிறது. நாகர்கோயிலுக்குப் பக்கத்தில் நெய்யூரில் அதே லண்டன் மிஷனின் மருத்துவப் பணி 1838இல் தொடங்கி, இடைவெளிகளோடு நடந்துவந்தது. தமிழ் பேசும் உள்ளூர் இளைஞர்களை மருத்துவ உதவியாளராகப் பழக்க வேண்டிய தேவை அங்கும் இருந்தது. ஒரு வேதியியல் பாடநூலை அந்த ஊரில் அச்சிடும்போது அருகிலிருந்த அந்த மாணவரை நினைக்காமல் அச்சிட்டிருப்பார்கள் என்று நம்புவது கடினம். கையில் உள்ள சான்று ஓர் அச்சக முகவரி மட்டுமே. ஆயினும், மானிப்பாய் நூல்கள் பாக்கு நீரிணையைக் கடந்து ஒரு பொதுப் பாடநூல் சந்தையைத் தேடின என்ற ஊகத்துக்கு அந்த முகவரி போதிய இடம் தருகிறது. 'கெமிஸ்தம்' என்ற தலைப்பும் தூய தமிழைத் தேடிப் போனவரின் தலைப்பாக இல்லை. இரு மொழியிலும் பழகியவர் எதிரே இருக்கிறார் என்று தெரிந்து வைத்த தலைப்பு அது.

இனி கல்லறைக்கு வருவோம். கிறீனைத் தமிழ்த் தொண்டராக நிறுவும் எழுத்துகள் தவறாமல் நாடும் சான்று வூஸ்டர் கிராமக் கல்லறையிலுள்ள நினைவுக்கல். தனக்குக் கல் வைப்பதாயின் இன்னவாறு பொறிக்க வேண்டும் என்று அவரே எழுதிவைத்தார். பெயர், 1822-1884 என்ற ஆண்டுகள், தமிழர்க்கான மருத்துவ ஊழியர் என்ற விவரம், இயேசுவே தனக்கு எல்லாம் என்ற அறிக்கை. இவ்வளவுதான். 'தமிழர்' என்ற பெயர் அமெரிக்கக் கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டி, இதைவிடத் தமிழ்ப்பற்றுக்குச் சான்று வேண்டுமா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

சான்று உண்டு. அது எதற்குச் சான்று என்பதில்தான் கருத்து வேறுபாடு. பத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் வூஸ்டரிலிருந்தே தமிழ் நூல்களைத் திருத்தியவர், தன்னை மொழிபெயர்ப்பாளர் என்று கல்லில் சொல்லிக்கொள்ளவில்லை. பேராசிரியர் என்றும் சொல்லவில்லை. நூலாசிரியர் என்றும் சொல்லவில்லை. மருத்துவமும் மதமும் மக்களும் அந்தக் கல்லில் இருக்கிறார்கள். மொழி தனியாக இல்லை. மாணவர்கள் ஐரோப்பிய உடைக்கும் உணவுக்கும் மாறிவிடாமல் தமிழராகவே இருக்கும் கிறித்தவர்களாக வேண்டும் என்று கிறீன் விரும்பினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச உத்தியோகம் தேடித் தொலைவூர் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தால் ஊரில் நிற்பார்கள் என்றும் கணக்கிட்டார். அவருக்கு மொழி, நோயாளியிடம் போகும் வழி. நோயாளியை அடையும் இடத்தில் தமிழ், நூலை அடையும் இடத்தில் ஆங்கிலம். இரண்டையும் அவர் கைவிடவில்லை. அவரைத் தமிழின் முன்னோடியாக நிறுத்த வேண்டிய தேவை 1967இன் ஈழத்துக்கு இருந்தது. சிங்களம் மட்டும் சட்டம் வந்து பதினொரு ஆண்டுகள் ஆன காலம் அது. அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்று கேட்டவர்களுக்கு, நூறாண்டுக்கு முன்பே சொல்லப்பட்டது என்று அம்பி காட்டியது அந்தக் காலத்துக்கு வேண்டிய பதில். அந்தப் பதிலையே வரலாற்றின் முழு வடிவமாகக் கொண்டதுதான் பின்வந்தோர் செய்த பிழை.

பள்ளி ஏன் நிலைக்கவில்லை? 1870இல் கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. கற்பித்தது ஆங்கிலத்தில். அதன் சான்றிதழ் அரச வேலைக்குச் சாவி. மானிப்பாயின் சான்றிதழுக்கு அந்த மதிப்பு இல்லை. கிறீன் போனபின் மாணவர் பரம்பரை சில காலம் பணியைக் காத்தது. பள்ளி மூடப்பட்ட ஆண்டு உறுதியாக நிலைநாட்டப்படவில்லை, 1870களின் இறுதியை ஒட்டியது என்பதற்கு மேல் அழுத்திச் சொல்வதற்கில்லை. 1893இல் மிஷன் மருத்துவர்களான ஸ்கொட் தம்பதியர் வந்து மானிப்பாய் ஆஸ்பத்திரிக்கு உயிரூட்டியபோது, தமிழ்ப் பாடநூல்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. மீண்டும் ஒரு தமிழ் மருத்துவ வகுப்பு எழவில்லை. நூல் இருந்தது, சொல் இருந்தது, மொழிபெயர்த்தவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் படிப்புக்கு வேலை தருவோர் இல்லை.

இந்தப் பள்ளிக்கும் தாதியர் கல்விக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலின் பள்ளி லண்டனில் திறந்தது 1860இல். 1850களின் மானிப்பாயில் 'தாதி' என்ற தனித் தொழில் இல்லை. இல்லாததாலேயே அந்த வேலை மாணவரின் தலையில் இருந்திருக்க வேண்டும். காயம் கட்டுவது, மருந்து கலப்பது, இரவில் காவலிருப்பது, கஞ்சி எப்போது கொடுக்கலாம் என்று வீட்டாருக்குச் சொல்வது. 1850இல் அரச அதிபர் டைக்கின் ஆதரவோடு யாழ்ப்பாணத்தில் எழுந்த நண்பர் உதவிச் சங்க ஆஸ்பத்திரி, இன்றைய போதனா வைத்தியசாலையின் முன்வடிவம், கிறீனின் மாணவர்கள் பணிசெய்த இடம். அங்கே கட்டிலருகே நின்றவர்கள் அவர்களே. முதலில் தமிழாக்கிய இரண்டு நூல்களில் ஒன்று பிரசவம் பற்றியது என்பதையும் மறக்க வேண்டாம். மருத்துவன் என்றும் தாதி என்றும் பின்னாளில் பிரிந்த இரண்டு தொழிலும் மானிப்பாயில் ஒரே ஆளுக்குள் இருந்தன. தமிழரிடையே இருமொழித் தாதியர் கல்விக்கு முன்னோடி ஒன்றைத் தேடினால் அதைவிட நெருங்கியது வேறில்லை.

பெண்களுக்கான தாதியர் பயிற்சி பின்னர் வேறு வழியில் வளர்ந்தது. அதே அமெரிக்க மிஷனின் இன்னொரு கிளைக் கதை அது. கிறீனுக்கு முன் 1819இல் இலங்கை வந்து பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்த ஜோன் ஸ்கடர் பின்னர் சென்னைக்கு மாறினார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் வேலூரில் 1909இல் தாதியர் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தாதியர் பட்டப்படிப்பாக உயர்ந்தது. அதே ஆண்டில் டெல்லியிலும் ஒரு தாதியர் கல்லூரி தொடங்கியது. இந்தியாவில் பல்கலைக்கழகத் தாதியர் கல்வி பிறந்த ஆண்டு அதுவே. வேலூரில் பட்டமேற்படிப்பும் பின்னர் வந்தது. விரிவுரை ஆங்கிலத்தில், வாட்டு தமிழில். எழுத்துத் தேர்வில் ஆங்கிலம், நோயாளியின் தலைமாட்டில் தமிழ். மானிப்பாயின் இரண்டு பாதிகளும் வேலூரில் உயிரோடு இருக்கின்றன. ஒன்று மட்டும் மாறிவிட்டது: தமிழ்ப் பாதிக்கு மதிப்பெண் இல்லை. கேரளத்திலிருந்தும் இந்தியாவின் வடகிழக்கிலிருந்தும் வந்து சேரும் மாணவி தமிழ் கற்றுக்கொள்கிறாள், அதைக்கொண்டு ஒருவரின் உயிரையும் காக்கிறாள். அவளுடைய பட்டத்தில் அந்தக் கல்விக்கு ஒரு வரியும் இல்லை.

இலங்கையிலும் நிலை அதுவே. திறந்த பல்கலைக்கழகம் கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் தாதியர் பட்டப்படிப்பைத் தொடங்கியது. பின்னர் யாழ்ப்பாணம் உட்படப் பிற பல்கலைக்கழகங்களும் தொடங்கின. பட்டத்தின் மொழி ஆங்கிலம்.

கனடாவில் இதே சிக்கலுக்கு வேறு விடை காணப்பட்டது. ஒட்டாவா பல்கலைக்கழகம் பைடவுன் கல்லூரி என்ற பெயரில் 1848இல் தொடங்கியது. மானிப்பாய்ப் பள்ளியின் சமவயது. அங்கேயும் மதத் தொண்டர்களே தொடங்கினார்கள், அங்கேயும் இரண்டு மொழி. 1933இல் அங்கே தாதியர் பள்ளி எழுந்தது. இன்று இளநிலை முதல் முனைவர் பட்டம் வரை உண்டு. ஆங்கிலத்தில் நடக்கும் பாடத்துக்கும் பிரெஞ்சில் தேர்வெழுதலாம். 1965இல் ஒன்ராரியோ மாகாணம் இயற்றிய சட்டம், இருமொழியை வளர்ப்பதையும் பிரெஞ்சுப் பண்பாட்டைக் காப்பதையும் அந்தப் பல்கலைக்கழகத்தின் கடமையாகவே எழுதிவைத்தது. கிறீனுக்குக் கிட்டாதது அந்தச் சட்டம்.

சட்டம் மட்டும் போதவில்லை என்பதை 1997 காட்டியது. மாகாணத்தில் முழுமையாகப் பிரெஞ்சில் சேவை தந்த ஒட்டாவாவின் மொன்ட்ஃபோர்ட் ஆஸ்பத்திரியை மூடுமாறு சுகாதாரச் சீரமைப்பு ஆணையம் பணித்தது. முன்னாள் மேயர் ஜிசெல் லலோன்ட் தலைமையில் மக்கள் திரண்டார்கள். மார்ச் மாதக் கூட்டத்தில் பத்தாயிரம் பேர் கூடினார்கள். வழக்கு நீதிமன்றம் ஏறியது. வாதத்தின் மையம் என்ன? பக்கத்து ஆஸ்பத்திரிகளிலும் பிரெஞ்சு பேசுவோர் இருக்கிறார்களே என்ற கேள்விக்கு, பிரெஞ்சில் தாதியரையும் மருத்துவரையும் பயிற்றுவிக்க முழு பிரெஞ்சுச் சூழல் கொண்ட ஆஸ்பத்திரி இது ஒன்றுதான் என்ற பதில். 2001 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்றது. ஆஸ்பத்திரி நிலைத்தது. விரிவுரை மண்டபம் எத்தனை மொழியில் பேசினாலும், அந்த மொழியில் வலியைச் சொல்லும் நோயாளி இருக்கும் கட்டில் வேண்டும் என்று ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்ட நாள் அது. மானிப்பாயைப் புரிந்துகொள்ள அம்பியின் நூல்களைவிட இந்தத் தீர்ப்பு அதிகம் உதவுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

இனி வெரிபீ. மெல்பேர்ணின் மேற்குப் புறத்தில் தமிழ்க் குடும்பங்கள் இருபது ஆண்டுகளாகக் குடியேறிவரும் இடம். 2021 குடிமதிப்பில் வீட்டில் தமிழ் பேசுவதாக அவுஸ்திரேலியா முழுவதும் பதிந்தோர் 95 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அந்தத் தொகையின் மூத்த தலைமுறை இப்போது முதுமைக்குள் நுழைகிறது. மறதி நோய் வந்தவர்களில் பலர் பின்னால் கற்ற ஆங்கிலத்தை முதலில் இழக்கிறார்கள். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வெரிபீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து 'நாரி உளையுது, ரெண்டுதரம் சத்தி எடுத்தனான்' என்றால், ஆங்கிலம் மட்டும் தெரிந்த தாதிக்கு அது புரியாது. மதுரையில் பயின்று வந்த தாதியும் தயங்கக்கூடும். இடுப்பு வலியும் வாந்தியும் என்று விளங்கிக்கொண்டால் போதாது. உளைவா, குத்தா, எரிவா, விறைப்பா என்று மேலும் கேட்கத் தெரிய வேண்டும். நோயைக் கணிக்க உதவுவது அந்த அடுத்த கேள்வி. அதை எந்தப் பல்கலைக்கழகமும் அவளுக்குக் கற்பிக்கவில்லை.

அவுஸ்திரேலியா இதை மொழிபெயர்ப்புப் பிரச்சினையாகவே கையாள்கிறது. தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை 1973இல் தொடங்கியது, 1977இல் மொழிபெயர்ப்பாளருக்குத் தகுதி வழங்கும் தேசிய அமைப்பு. 131 450 என்ற எண்ணை அழைத்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். மிக நல்ல ஏற்பாடு, பல உயிர்களைக் காத்த ஏற்பாடு. சம்மதப் பத்திரத்துக்கும் நோய் விளக்கத்துக்கும் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரே வேண்டும் என்ற விதியும் சரியானதே. ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கும் தாதி யாரையும் அழைக்க முடியாது. அந்த நேரத்துக்குத் தாதியே இருமொழியில் பயின்றவளாக இருக்க வேண்டும்.

பயிலும் வழி எங்கே அறுகிறது என்பதையும் பார்க்கலாம். மெல்பேர்ணில் ஒரு பிள்ளை விக்டோரியன் மொழிப்பள்ளியில் சனிக்கிழமைகளில் தமிழ் படிக்கலாம், பன்னிரண்டாம் ஆண்டில் அதைப் பாடமாக எடுத்துத் தேர்வெழுதலாம், அந்த மதிப்பெண்ணோடு தாதியர் பட்டப்படிப்பில் சேரலாம். சேர்ந்த நாளோடு தமிழ் நின்றுவிடும். தாதியர் பயிற்சியை ஆஸ்பத்திரிகளிடமிருந்து உயர்கல்விக்கு மாற்ற அவுஸ்திரேலிய அரசு முடிவெடுத்தது 1984இல். அடுத்த பத்தாண்டுக்குள் மாற்றம் நிறைவுற்றது. தாதியருக்குப் பட்டமும் மதிப்பும் தந்த அந்த மாற்றம், மொழியைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டது: ஆங்கிலம் போதிய அளவு தெரியுமா? வெளிநாட்டில் பயின்றவர்களின் ஆங்கிலத்தை அளக்கும் தொழில்முறைத் தேர்வான ஓஇடி 1980களின் பிற்பகுதியில் மெல்பேர்ணில் டிம் மக்னமாராவின் ஆய்வில் உருப்பெற்றது. வாட்டில் நோயாளியோடு பேசும் பேச்சையே அளக்க வேண்டும் என்று கண்டது அதன் பெருமை. அதே அளவுகோலை இன்னொரு மொழிக்கும் வைக்கலாமே என்று இன்றுவரை பல்கலைக்கழகங்கள் யோசிக்கவில்லை.

மத்தியப் பிரதேசத்தில் 2022 அக்டோபரில் இந்தியில் மருத்துவப் பாடநூல்கள் வெளியிடப்பட்டபோது, தமிழிலும் இப்படி வேண்டும் என்ற குரல் எழுந்தது. கிறீனின் பெயரும் மீண்டும் மேடையேறியது. வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் 1872இலேயே கிரே தமிழில் இருந்தார். அது ஒரு பள்ளியைக் காக்கவில்லை. நூலிலிருந்து தொடங்குகிறவர்கள் கிறீனின் வரலாற்றின் வலுவான பாதியைப் பார்க்கிறார்கள், உடைந்த பாதியைப் பார்க்கவில்லை. உடைந்தது சான்றிதழ் இருந்த இடத்தில். ஆகவே கட்டத் தொடங்க வேண்டியதும் அங்கேயே: மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் மதிப்பெண்ணுள்ள ஒரு தமிழ்ப் பயிற்சிப் பாடம், தமிழ் நோயாளிகள் உள்ள வாட்டிலும் முதியோர் இல்லத்திலும் நேர்ப் பயிற்சி, பட்டமேற்படிப்பில் தமிழ் முதியோர் பராமரிப்பு பற்றிய ஆய்வு. மெல்பேர்ணின் மேற்கில் தாதியர் துறை உள்ள பல்கலைக்கழகமும் உண்டு, ஆஸ்பத்திரியும் உண்டு, நோயாளியும் உண்டு, தமிழ் பேசும் மாணவியும் உண்டு.

இந்த வரலாற்றில் ஒரு பெரிய பகுதி இன்னும் எழுதப்படவில்லை. மானிப்பாய் கிறீன் நினைவு ஆஸ்பத்திரியிலும், இணுவில் மக்லியொட் ஆஸ்பத்திரியிலும், யாழ்ப்பாணத் தாதியர் பயிற்சிக் கல்லூரியிலும் பயின்ற தாதியர் பலர் இன்று மெல்பேர்ணிலும் சிட்னியிலும் ஓய்வில் இருக்கிறார்கள். ஒரு பக்கம் ஆங்கிலமும் மறுபக்கம் தமிழுமாக எழுதிய அவர்களுடைய பயிற்சிக் குறிப்பேடுகள், 1875இன் அருஞ்சொற்றொகுதிக்குப் பின் நடந்ததைச் சொல்லக்கூடிய நேரடிச் சான்றுகள். அவற்றை வைத்திருப்பவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் குறிப்பேடுகளைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். ஈழத்துத் தமிழ் ஆவணங்களைக் காக்கும் 'நூலகம்' நிறுவனத்துக்கு ஒரு மின்படியாவது கொடுத்துவையுங்கள்.